கரட்டுக்கு மேலே கிணறு, கரட்டுக்குக் கீழே போர்வெல்: ஒரு கறுப்புக் கல் குவாரியின் ஆய்வறிக்கையைச் சரிபார்த்த கதை

பின்னணி

தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் வட்டத்தில் ஒரு சிற்றூர். ஊரின் வடக்கே காட்டுச் சரிவு. சரிவுக்கும் ஊருக்கும் நடுவே கிழக்கு மேற்காக ஒரு கரடு ஓடுகிறது. நீளம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும், அகலம் ஐம்பது மீட்டர்கூட இல்லை. பார்ப்பதற்கு யாரோ கருங்கல்லை வரிசையாகக் கொட்டி வைத்தது போல இருக்கும். ஊரில் அதைக் கறுப்புக் கரடு என்பார்கள்.

கல் வியாபாரத்தில் அது கறுப்பு கிரானைட். பாறையியல் கணக்கில் அது கிரானைட்டே இல்லை, டோலரைட். பழைய நைஸ் பாறையில் விழுந்த பிளவில் உருகிய குழம்பு ஏறி, சுவர் போல உறைந்து நின்றது. இப்படிப்பட்ட பாறைச் சுவருக்கு டைக் என்று பெயர். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் இவை ஏராளம். மெருகேற்றினால் கண்ணாடி போல மின்னும் என்பதால் நல்ல விலை போகிறது.

இந்தக் கரட்டில் மூன்று ஹெக்டேருக்குச் சற்று மேல் குவாரி வைக்க ஒரு தனியார் நிறுவனம் விண்ணப்பித்தது. ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறுகனிமக் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்று உச்ச நீதிமன்றம் 2012இல், தீபக் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. அப்புறம் வந்த தொகுப்பு விதிப்படி, 500 மீட்டருக்குள் இருக்கும் குவாரிகளின் பரப்பைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேர்த்தால் ஐந்து ஹெக்டேரைத் தாண்டியது. ஆகவே முழு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் கட்டாயமாயின.

நான் நிலத்தடி நீர் அளவீட்டு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். அந்த ஊரில் எனக்கு உறவும் இல்லை, நிலமும் இல்லை. பொங்கல் முடிந்த வாரம் ஊர்க்காரர்கள் மூன்று பேர் வரைவு அறிக்கையின் நகலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். கூட்ட அறிவிப்பு ஏற்கெனவே வெளியாகியிருந்தது. விதிப்படி குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். எங்கள் கையில் மிச்சம் இருந்தது 26 நாள்.

அறிக்கையில் என்ன இருந்தது

ஒரு பருவத்தில், மார்ச் முதல் மே வரை, அடிப்படைத் தரவு எடுத்திருந்தார்கள். மழைக்காலம் அல்லாத ஒரு பருவம் போதும் என்பதுதான் நடைமுறை, அதில் தவறில்லை. சுற்றிலும் 10 கிலோமீட்டருக்குக் காற்று, இரைச்சல், மண், தண்ணீர் எல்லாம் அளந்திருந்தார்கள். அட்டவணைகள் ஒழுங்காகவே இருந்தன. பி.எம்.10 என்கிற நுண்தூசிக்கு 24 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்ற வரம்பு உண்டு, அதற்குள் தூசி இருந்தது. குவாரியே தொடங்காத இடத்தில் வேறெப்படி இருக்கும்?

இரண்டு இடங்களில் நின்றேன்.

முதலாவது ஒரு வேடிக்கை. கழிவுக் கல் குவியலைப் பற்றிய அத்தியாயத்தில், சல்ஃபைடு தாது மழை நீரோடு சேர்ந்தால் அமில நீர் கசியும் என்றும் அதைத் தடுக்கச் சுண்ணாம்பு இடப்படும் என்றும் இரண்டு பத்தி எழுதியிருந்தது. செம்புச் சுரங்கத்துக்கு அது சரியான கவலை. சால்கோபைரைட், பைரைட் போன்ற சல்ஃபைடு தாதுக்களில் காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும். மாமண்டூர்ப் பக்கத்துச் செம்பு, ஈயத் தாதுக்கோ, அரூர் ஊத்தங்கரைப் பகுதி மாலிப்டினத்துக்கோ அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும். டோலரைட் கல்லில் அந்த அளவுக்குச் சல்ஃபைடு கிடையாது. ஏதோ செம்புச் சுரங்க அறிக்கையிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்பது தெளிவு. இல்லாத ஆபத்துக்கு இரண்டு பத்தி ஒதுக்கியிருந்தார்கள்.

இருக்கிற ஆபத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. "நிலத்தடி நீர் மட்டம் தரையிலிருந்து 58 முதல் 62 மீட்டர் ஆழத்தில் உள்ளது, குவாரியின் இறுதி ஆழம் 32 மீட்டர், எனவே நிலத்தடி நீர் பாதிக்கப்படாது." இதுதான் நான் நின்ற இரண்டாவது இடம். பின்னிணைப்பில் தேடினால், அந்த 58, 62 எல்லாம் கரட்டுக்குத் தெற்கே, ஊருக்குள் இருக்கும் போர்களில், அதாவது ஆழ்துளைக் கிணறுகளில், எடுத்தவை. மிக அருகில் இருந்ததே 900 மீட்டர் தள்ளி. கரட்டுக்கு வடக்கே, குவாரி எல்லையிலிருந்து 300 மீட்டருக்குள் ஒன்பது திறந்தவெளிக் கிணறுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூடப் பட்டியலில் இல்லை.

ஊருக்குத் தெரிந்தது

வந்தவர்களில் ஒரு பெரியவர், "கரட்டுக்கு மேல கிணறு, கரட்டுக்குக் கீழ போருங்க. எங்க தாத்தா காலத்துல இருந்தே அப்படித்தான்" என்றார். வடக்கே நாற்பதடிக் கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்கிறது. சாமந்தியும் மல்பெரியும் போடுகிறார்கள். தெற்கே அறுபது, எழுபதடிக் கிணறுகள் காய்ந்து கிடக்கின்றன. போர் போட்டால் அறுநூறு அடிக்குக் கீழே போக வேண்டும். அங்கே விளைவது கொள்ளும் சாமையும் துவரையும்தான். மேல் கொல்லைக்கும் கீழ்க் கொல்லைக்கும் ஏக்கர் விலையே வேறு.

இதற்குக் காரணம் அந்த டைக்தான். நெருக்கமான மணிகள் கொண்ட கல், பிளவு குறைவு. சரிவிலிருந்து மக்கிய பாறை வழியாக இறங்கி வரும் நீருக்கு அது மண்ணுக்கடியில் போட்ட அணை மாதிரி. ஆனால் எல்லா டைக்கும் இப்படி நடந்துகொள்வதில்லை. சிலவற்றில் ஓரங்கள் நொறுங்கியிருக்கும், அங்கே தண்ணீர் தடைபடாமல் ஓடும். அதே ஓரத்தில் போர் போட்டு நன்றாகத் தண்ணீர் எடுப்பவர்களும் உண்டு. ஆகவே தாத்தா காலத்துச் செய்தி மட்டும் போதாது. அளந்து காட்ட வேண்டும்.

எடுத்த முடிவுகள்

குவாரியே வேண்டாம் என்று சொல்வதா, அறிக்கையில் உள்ள ஓட்டையைச் சொல்வதா என்பதில் முதல் நாளே சண்டை வந்தது. ஊரில் இருபதுக்கு மேற்பட்ட குடும்பங்கள் குவாரி வேலையில் பிழைப்பவை. மறுபக்கம், மேல் கொல்லைக்காரர்களுக்குக் கிணறுதான் எல்லாமே. வேண்டும், வேண்டாம் என்று போனால் கூட்டத்தில் ஊரே இரண்டாக நின்று கத்தும். கருத்துக் கேட்பு வாக்கெடுப்பு அல்ல. எத்தனை கை உயர்ந்தது என்று யாரும் எண்ணப் போவதில்லை. எழுப்பிய கேள்வி பதிவாகும், அதற்கு விண்ணப்பதாரர் இறுதி அறிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் பதில் சொல்லாமல் தப்ப முடியாத கேள்வி ஒன்றைத் தயார் செய்வோம் என்று நான் சொன்னேன். அரைமனதோடுதான் ஒப்புக்கொண்டார்கள்.

இரண்டாவது முடிவு, தண்ணீரை மட்டும் பேசுவது. தூசி, டிப்பர் லாரி, மேய்ச்சல், கரட்டு உச்சியில் இருக்கும் சாமி என்று பதினான்கு குறைகள் பட்டியலில் இருந்தன. பதினான்கையும் வாசித்தால் ஒன்றும் மனதில் நிற்காது என்பது என் வாதம். குழுவில் இருந்த ஒரு பெண், "தினமும் கண்ணுல விழப்போறது தூசிதான்" என்றார். அவர் பேச்சை நாங்கள் கேட்கவில்லை.

அளந்த விதம்

காசும் இல்லை, கருவியும் இல்லை. முப்பது மீட்டர் இரும்பு டேப், சாக்பீஸ், ஒரு டப்பா சிவப்புப் பெயின்ட், அவ்வளவுதான். வடக்கே ஒன்பது, தெற்கே ஆறு, மொத்தம் பதினைந்து கிணறுகளின் கைப்பிடிச் சுவரில் ஓர் இடத்தில் பெயின்ட் குறி வைத்தோம். எப்போது அளந்தாலும் அந்தக் குறியிலிருந்துதான் அளக்க வேண்டும்.

முதல் ஐந்து நாள் அளவுகளை அப்படியே தூக்கிப் போட வேண்டியதாயிற்று. ஒரே கிணற்றில் காலையில் 19 அடி, மாலையில் 26 அடி. மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தில் மோட்டார் ஓடியிருக்கிறது. கிணற்றுக்காரர்களோடு பேசி, வாரத்தில் இரண்டு நாள் முந்தின இரவிலிருந்து மோட்டாரை நிறுத்தி வைத்து, விடிந்ததும் அளந்தோம். விளைச்சல் நேரத்தில் தண்ணீரை நிறுத்தச் சொல்வது சாதாரணக் கோரிக்கை அல்ல. ஒருவர் மறுத்துவிட்டார். அவர் கிணற்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம்.

அடுத்த சிக்கல், ஒவ்வொரு கிணறும் வெவ்வேறு மேட்டில் இருப்பது. தரையிலிருந்து எத்தனை அடி என்பது போதாது. எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். இங்கே கைகொடுத்தவர் ஊர் மேஸ்திரி. வீடு கட்டும்போது மட்டம் பார்க்கிற தண்ணீர் ட்யூபைக் கொண்டு, கரட்டின் மேலேறி இறங்கி, கிணற்றுக்குக் கிணறு மட்டம் கடத்தினார். நான்கு நாள் ஆனது. கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து சரிபார்த்தபோது பிழை ஒரு சாணுக்குள் இருந்தது. சர்வே அலுவலகத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் நாங்கள் தேடிய வித்தியாசம் சாண் கணக்கில் இல்லை.

மேல் கிணறுகளில் நீர், குறியிலிருந்து 18 முதல் 22 அடியில். கீழ்க் கிணறுகள் ஆறில் நான்கு வறண்டவை, இரண்டில் 58 அடியில் குட்டை. கீழ்ப் பக்கத் தரை ஆறடி தாழ்வு. சேர்த்துக் கணக்கிட்டால், 140 மீட்டர் இடைவெளியில் நீர் மட்டம் 44 அடி இறங்குகிறது. நடுவில் இருப்பது கரடு மட்டும்.

கரட்டு உச்சி மேல் கொல்லைத் தரையைவிட 25 அடி உயரம். அதாவது உச்சியிலிருந்து சுமார் 45 அடியில் மேல் பக்கத்து நீர் மட்டம். குவாரி தோண்டப் போவதோ 32 மீட்டர், 105 அடி. நீர் மட்டத்துக்குக் கீழே 60 அடி போகிறது.

மேற்கே, அதே கரட்டில், பல வருடம் முன்பு கைவிடப்பட்ட ஒரு குவாரிக் குழி இருக்கிறது. பையன்கள் நீச்சலடிக்கும் இடம். அறிக்கையில் அது "மழைநீர் சேகரமான பள்ளம்". மேஸ்திரி அங்கேயும் ட்யூபை நீட்டினார். குழி நீரும் அருகில் உள்ள மேல் கிணற்று நீரும் ஒரே மட்டத்தில் இருந்தன, வித்தியாசம் ஒன்றரை அடிகூட இல்லை. அந்தக் குழி வேலை செய்த காலத்தில், உள்ளே ஊறியதை மோட்டார் வைத்து ஓடையில் விட்டார்கள் என்றும், தான் இரண்டு தடவை கிணற்றை ஆழப்படுத்தியதாகவும் பக்கத்துக் கொல்லைக்காரர் சொன்னார். அவர் சொல்லும்வரை யாருமே இரண்டையும் சேர்த்து யோசித்திருக்கவில்லை.

தண்ணீர்த் தரமும் பார்த்தோம். மேல் கிணறுகள் இரண்டில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தது; ஊர்ப் போர் இரண்டில் 1.5 என்ற இந்தியத் தர நிர்ணயத்தின் மேல் வரம்பைத் தாண்டியது. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுந்த நீரால் பல்லும் எலும்பும் கெடும் நோய்) பாதிப்பு தணிப்பு சேர்ந்திருக்கிறது. 2013இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆற்றுத் தண்ணீர் குடிக்க வருகிறது என்றாலும், வராத நாளில் மேல் கிணற்றில்தான் குடம் வைக்கிறார்கள். கிணறு இறங்கினால் போர், போர் என்றால் ஃபுளோரைடு. அறிக்கையில் இந்தச் சங்கிலியே இல்லை.

கூட்டமும் அதற்குப் பிறகும்

மாவட்ட நிர்வாகம் தலைமை, மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு, எல்லாம் முறைப்படி நடந்தது. மேல் கொல்லைக்காரர் ஒருவர் ஒரு படத்தைக் காட்டிப் பேசினார். கரட்டின் குறுக்குவெட்டு, இரு பக்கமும் கிணறுகள், நீலக் கோட்டில் நீர் மட்டம், சிவப்புக் கோட்டில் குழியின் அடி. மூன்று பக்க மனுவோடு அளவுப் புத்தகத்தின் நகலையும் கொடுத்தோம்.

அறிக்கையைத் தயாரித்த ஆலோசனை நிறுவனத்தார் இரண்டு மறுப்பு சொன்னார்கள். நீங்கள் அளந்தது மழை முடிந்த தை, மாசியில், நாங்கள் கோடையில் அளந்தோம் என்பது ஒன்று. நியாயமான கேள்வி. மே மாதம் திரும்ப அளந்தோம். மேல் கிணறுகள் 27 முதல் 31 அடிக்கு இறங்கியிருந்தன. கீழே ஆறும் வறண்டுவிட்டன. வித்தியாசம் அப்படியேதான் இருந்தது. இரண்டாவது மறுப்பு, பக்கத்துப் பட்டா நிலத்தை ஒட்டி 7.5 மீட்டர் பாதுகாப்பு இடைவெளி விடுகிறோம், அந்தக் கல் தண்ணீரைத் தாங்கும் என்பது. இதற்கு எங்களிடம் உடனே பதில் இல்லை. பிறகு பழைய குழிக்குப் போய்ப் பார்த்தால், அங்கேயும் அப்படி விட்ட மெல்லிய சுவர் இருக்கிறது. அதன் வெடிப்புகளில் கசிவு இறங்கிய வெள்ளைத் தடங்கள். போட்டோ எடுத்து அனுப்பினோம்.

மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழு, கோப்பைப் பார்த்துவிட்டுக் கூடுதல் நீரியல் ஆய்வு கேட்டது. கரட்டின் குறுக்கே, தரைக்குள் மின்சாரம் செலுத்திப் பாறையின் மின்தடையைப் பார்க்கும் அளவீடு, இரு பக்கமும் ஒவ்வொரு கண்காணிப்புப் போர். செலவு விண்ணப்பதாரருடையது. மேல் போரில் கிணற்று மட்டத்திலேயே நீர் நின்றது. கீழ்ப் போரில் 140 அடியில். மேஸ்திரியின் ட்யூப் சொன்னதைத்தான் மின்தடை மீட்டரும் சொன்னது.

முடிவில் அனுமதி கிடைத்தது, ஆனால் நிபந்தனைகளோடு. குழியின் ஆழம் கரட்டு உச்சியிலிருந்து 12 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. மேல் பக்கம் விடும் சுவர் 15 மீட்டர். மாதம் ஒரு தடவை கிணறுகளை அளந்து அறிக்கை தர வேண்டும். பழைய குழியை இறைக்கக் கூடாது.

என்ன ஆனது

ஆழம் குறைந்ததால் கிடைக்கும் பிளாக்கும் குறைந்தது. சொன்ன வேலைவாய்ப்பில் பாதிகூட வரவில்லை. ஊர்ப் பையன்கள் சிலர் இன்றும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

முதல் கோடை பிரச்சனை இல்லை. இரண்டாம் கோடையில் மேல் கிணறுகள் முந்தின வருடத்தைவிட ஆறு முதல் எட்டடி கீழே போயின. குவாரிதான் காரணம் என்றார்கள் ஒரு சாரார். அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது என்றது நிறுவனம். இரண்டும் உண்மையாக இருக்கலாம். குழி இன்னும் 12 மீட்டரை எட்டவில்லை, உள்ளே ஊற்றும் இல்லை, அதனால் மழைதான் என்று நான் நினைக்கிறேன். நிரூபிக்க முடியவில்லை. கண்காணிப்புப் போரின் மூடியை யாரோ கழற்றிக்கொண்டு போய், உள்ளே பையன்கள் கல் போட்டு, அந்த வருடத்தில் நான்கு மாத அளவு போயே போய்விட்டது.

தினமும் ஊர் பேசுவது தூசியைப் பற்றித்தான். டிப்பர்கள் பஞ்சாயத்துச் சாலையில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போகின்றன. தண்ணீர் தெளிக்கிறார்கள், சில நாள்.

மறுபடி செய்தால்

கரட்டைவிட்டு இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, குவாரியே இல்லாத இதே மாதிரிச் சரிவில் ஒரு கிணற்றையும் முதல் நாளிலிருந்தே அளந்திருப்பேன். அது இருந்திருந்தால் இரண்டாம் கோடையின் சண்டைக்கு ஒரே அட்டவணையில் விடை கிடைத்திருக்கும். பல வருடம் இந்த வேலையே பார்த்த எனக்கு அது தோன்றாமல் போனதற்குச் சாக்கு எதுவும் இல்லை.

தண்ணீரை மட்டும் பேசியதில் மனுவுக்குக் கூர்மை கிடைத்தது. ஆனால் லாரிப் பாதை பற்றி ஒரு பக்கம் தனியாக, வேறொருவர் பெயரில் கொடுத்திருக்கலாம். எந்தச் சாலை, எந்த நேரம், எத்தனை நடை, பள்ளி விடும் நேரத்தில் நிறுத்தம் என்று. கேட்டிருந்தால் நிபந்தனையில் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கேட்காததை யாரும் எழுத மாட்டார்கள்.

அளவுப் புத்தகத்தை ஒரே வீட்டில் வைத்ததும் தவறு. அந்த வீட்டுக்காரர் பெங்களூரு போனபோது இரண்டு மாதம் விட்டுப்போனது. இப்போது மூன்று வீடுகளில் மூன்று நோட்டு இருக்கிறது. தூசியைப் பற்றி அன்று சொன்ன அந்தப் பெண் மாதம் ஒரு தடவை மூன்றையும் ஒத்துப் பார்க்கிறார். போன மாசியிலிருந்து, பக்கத்து ஊர்ச் சரிவில் ஒரு கிணற்றின் கைப்பிடிச் சுவரிலும் சிவப்புப் பெயின்ட் குறி இருக்கிறது.